சிங்கப்பூரில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பழைய மலர் ஒன்றும் போதகர்களின் பட்டியலும் உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கிருந்து தொடங்காதீர்கள். கோவில் கட்டிய ஆண்டிலிருந்தும் வேண்டாம். ஞானஸ்நானப் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்குங்கள்.

ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்கு 1886இல் அடிக்கல் நாட்டி, 1888இல் திறந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் வரலாற்றைப் பலரும் அந்த ஆண்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பே குவீன் ஸ்திரீட் ராயப்பர் சின்னப்பர் கோவிலில் சீனர்களோடு தமிழர்களும் பூசை கண்டுவந்தார்கள். கட்டடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தத் தலைமுறை அப்படியே விடுபட்டுப் போகும்.

மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கத்தோலிக்கப் பதிவேட்டில் விவரம் கூடுதலாக இருக்கும், அதனால்தான் இந்த உதாரணம். வேலை செய்யும் முறை எல்லாச் சபைக்கும் ஒன்றுதான்.

பிரெஞ்சுக் குருக்கள் லத்தீனில் எழுதியிருப்பார்கள். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், அருளப்பன் யோவான்னெஸ். ஆகவே கணினி அட்டவணையில் பெயருக்கு இரண்டு பத்தி வையுங்கள்: ஏட்டில் உள்ளபடி ஒன்று, குடும்பத்தார் சொல்லும் பெயர் ஒன்று. எழுத்தைத் திருத்தி ஒரே பத்தியில் போட்டால் ஒரே ஆள் இரண்டு பேராவார், இரண்டு பேர் ஒருவராவார். பிறகு பிரிக்கவே முடியாது.

ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். 1908க்குப் பிறகு, ஒருவருக்கு எங்கே திருமணம் நடந்தாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. மலாயாவுக்குப் போனவர்கள், ஊர் திரும்பி மணம் முடித்தவர்கள் எல்லாரும் அந்தப் பொடி எழுத்தில் இருப்பார்கள். ஞானப் பெற்றோர் பெயர்களையும் தனியாக எண்ணிப் பாருங்கள். சம்பந்தமில்லாத பல குடும்பங்களுக்கு ஒரே ஆள் ஞானத் தகப்பனாக நின்றிருந்தால், அவர் வேதம் கற்பிக்கும் உபதேசியாராகவோ சபையின் மூத்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜப்பானியர் காலத்துக்கு, அதாவது பிப்ரவரி 1942 முதல் செப்டம்பர் 1945 வரை, தனிக் கவனம் தேவை. மாதக்கணக்கான பதிவுகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால், அவை பிற்பாடு பிரதி எடுக்கப்பட்டவையாக இருக்கலாம். அந்தத் தேதிகளை வேறு சான்றோடு ஒப்பிடாமல் அச்சில் ஏற்றாதீர்கள். அக்கால அரசுக் கடிதத்தில் 2602 என்று ஆண்டு கண்டால் அது ஜப்பானியக் கணக்கு. 1942 என்று கொள்ளுங்கள்.

கல்லறை வாசகங்களைத் தேடிப் போக பிடாடரி இன்று இல்லை. 1908இல் திறந்த அந்த இடுகாட்டை 1972இல் மூடி, 2001 முதல் தோண்டி எடுத்துவிட்டார்கள். குடும்பங்கள் கல்லறைத் திருநாளில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். பின்னணியில் தெரியும் பக்கத்துக் கல்லறையின் பெயர்கூட உதவும்.

தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய நாளிதழ்கள் கிடைக்கின்றன. தமிழ் முரசு 1935இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்கு ஆங்கில இதழ்களில் ‘தமிழ் மிஷன்’ என்று தேடுங்கள். ‘கிளிங்’ (Kling) என்றும் தேட வேண்டும். நம்மவர்களை இழிவாகக் குறித்த சொல்தான், ஆனால் அன்றைய ஏடுகளில் பல செய்திகள் அந்தப் பெயரில்தான் கிடக்கின்றன.

பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் ஊகித்து ஒன்றைச் சொல்வார்கள். எந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தீர்கள், எந்தப் பிள்ளை அப்போது கைக்குழந்தை, பாடகர் குழுவில் யார் ஆர்மோனியம் வாசித்தார் என்று கேளுங்கள். ஆண்டைப் பதிவேட்டை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மலர்களில் வாழ்த்துச் செய்திக்கு இருபது பக்கம், விளம்பரத்துக்கு முப்பது பக்கம், வரலாற்றுக்கு இரண்டே பக்கம். அந்த இரண்டிலும் உபதேசியார், வேதாகமப் பெண்கள், கோவில் பிள்ளை எவர் பெயரும் இருக்காது. ஞாயிறு பள்ளியை நடத்தியதும் வீடு வீடாகப் போய் ஜெபித்ததும் அவர்கள்தானே! பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. எடுத்துப் போடுங்கள்.

ஏட்டைப் படம் எடுக்கும்போது முதுகை அழுத்தி விரிக்காதீர்கள், தையல் விட்டுவிடும். கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டால் போதும், துணிக் கையுறை போட்டால் தாள் கிழியும். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. ஸ்கேன் செய்வதானால் குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள். உயிரோடிருப்பவர்களின் பதிவுகளை அனுமதியின்றி வெளியிடாதீர்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு மாதம் ஒதுக்கி, பழைய குடும்பங்கள் மூன்று நான்கிடம் பிரதியைக் கொடுங்கள். தவறு அதிகம் வருவது குழுப்படங்களுக்குக் கீழே போடும் பெயர்களில்தான். படத்தைப் பெரிதாக அச்செடுத்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால், முதலில் பேசுபவர் சொல்லும் பெயரே நிலைத்துவிடும்.