வாசகர் கேள்வி பதில்: ஒரே பாகம், இடத்துக்கு ஓர் அமைப்பு

கேள்வி: துவாஸில் உள்ள ஒரு பட்டறையில், உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் இயந்திரத்தில் வேலை செய்கிறேன். அண்மையில் டைட்டேனியத்தில் ஒரு பிராக்கெட் அச்சிட்டோம். தடித்த நடுப்பகுதி நன்றாக வந்தது. ஆனால், கிடைமட்டமாகச் செல்லும் துளையின் மேல்வளைவு தொய்ந்து, கட்டி கட்டியாகத் தூள் ஒட்டியிருந்தது. லேசரின் திறனைக் குறைத்தபோது துளை சரியானது. நடுப்பகுதியில் நுண்துளைகள் வந்துவிட்டன. ஒரே பாகத்திற்குள் இடத்துக்கு இடம் லேசரின் அமைப்பை, அதாவது திறன், வேகம் போன்றவற்றை, மாற்றலாமா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: மாற்றலாம். உங்கள் பிராக்கெட்டுக்கு அதைத் தவிர வேறு நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு முறையும் நீங்கள் தவறாக அச்சிடவில்லை. முதல் அமைப்பு நடுப்பகுதிக்குப் பொருந்தியது, இரண்டாவது துளைக்குப் பொருந்தியது, அவ்வளவுதான்.

டைட்டேனியக் கலவைக்குப் பலரும் தொடங்கும் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: லேசர் திறன் 280 வாட், வேகம் வினாடிக்கு 1,200 மில்லிமீட்டர், லேசர் ஓடும் கோடுகளின் இடைவெளி 0.14 மில்லிமீட்டர், அடுக்கின் கனம் 0.03 மில்லிமீட்டர். திறனை மற்ற மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால், ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 56 ஜூல் ஆற்றல் கிடைக்கிறது. இத்தகைய எண்கள் பெரும்பாலும் திண்மையான கட்டிகளை அச்சிட்டு, அறுத்து, மெருகேற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுபவை. கீழே கெட்டியான உலோகம் இருக்கிறது, அது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு அவற்றுக்குள் அடங்கியிருக்கிறது. துளையின் மேல்வளைவுக்கு வரும்போது அந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிடுகிறது, ஏனெனில் அங்கே கீழே இருப்பது உருகாத தூள். உமிக்குள் புதைத்த தணல் நெடுநேரம் ஆறாமல் கனன்றுகொண்டிருப்பதைப் போல, தூள் சூழ்ந்த உலோகமும் வெப்பத்தை விடாமல் வைத்திருக்கும். உருகிய குழம்பு ஆழமாக இறங்கி, சுற்றியுள்ள தூளையும் தன்னோடு சேர்த்துக்கொள்வதால்தான் நீங்கள் கண்ட கட்டிகள் உருவாகின்றன.

ஆகவே, கீழ்நோக்கிய பரப்புகளுக்கு, குறிப்பாகக் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்தவற்றுக்கு, ஆற்றலைக் குறைத்த தனி அமைப்பு தேவை. அந்த அமைப்பு தூளின்மேல் விழும் முதல் அடுக்கோடு நின்றுவிடக் கூடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லேசர் ஒவ்வொரு முறையும் தனக்குக் கீழே உள்ள சில அடுக்குகளையும் சேர்த்தே உருக்குகிறது; முதல் அடுக்கை மென்மையாக அச்சிட்டுவிட்டு இரண்டாவது அடுக்கிலேயே முழு ஆற்றலுக்குத் திரும்பினால், பட்ட பாடெல்லாம் வீணாகும்.

வெளிச்சுவருக்கும் தனி அமைப்பில் லேசர் ஓடும் விளிம்புக் கோடு உண்டு. பெரும்பாலான இயந்திரங்களில் அது ஏற்கெனவே அமைந்திருக்கும். தடித்த உட்பகுதியை மட்டும் இரண்டு அடுக்குகளுக்கு ஒரு முறை உருக்கி நேரத்தை மிச்சப்படுத்தும் முறையும் வழக்கில் உள்ளது. ஆனால், அதில் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 60 மில்லிமீட்டர் உயரப் பாகத்தில் 0.03 மில்லிமீட்டர் அடுக்குகள் 2,000 இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் தூள் பரப்ப 10 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பரப்புவதற்கு மட்டுமே ஐந்தரை மணி நேரத்திற்கு மேல் செல்லும். வெளிச்சுவருக்கு மெல்லிய அடுக்கு வேண்டியிருப்பதால் அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

எனக்கு உண்மையான கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. அமைப்புகளைப் பிரித்தவுடன் அவை சந்திக்கும் எல்லைகள் பிறக்கின்றன. விளிம்புக் கோடும், உட்பகுதியை உருக்கி நிரப்பும் உள்நிரப்புக் கோடுகளும் போதிய அளவு ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால், மேற்பரப்புக்குச் சற்றே உள்ளே நுண்துளைகள் சங்கிலிபோல் வரிசையாக நின்றுவிடும். திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கும் பாகத்தில் விரிசல் தொடங்குவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. உயர் அழுத்தத்தில் சூடாக்கி நுண்துளைகளை மூடும் முறை உள்ளே அடைபட்டவற்றைத்தான் மூடும். மேற்பரப்போடு திறந்திருப்பவற்றை மூடாது. ஆதலால், ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனி மாதிரிக் கட்டி அச்சிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். எல்லையைத் தனக்குள் கொண்ட மாதிரியை அச்சிட்டு, எல்லைக்குக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். அச்சு முறையில் செய்த இந்த மாற்றத்தைப் பாகத்தை வாங்குபவருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வடிவம் மாறவில்லை என்பதால் பாகமும் மாறவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

குறையைத் தவிர்ப்பதற்கு மட்டுமன்றி, விரும்பிய இடத்தில் விரும்பிய குணத்தை வரவழைப்பதற்கும் இந்த வழி பயன்படும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தலைமையில், சிங்கப்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. 316எல் துருப்பிடிக்காத எஃகை அச்சிடும்போதே லேசர் அமைப்பை இடத்துக்கு இடம் மாற்றினால், பிறகு உலையில் சூடாக்கும்போது சில பகுதிகளில் மட்டும் படிகங்கள் புதிதாக உருவாகி அவை மென்மையாகும், மற்றவை வலிமையை இழக்காமல் நிற்கும் என்பதை அது காட்டியது. உங்கள் பட்டறைக்கு இப்போதைக்கு இது தேவைப்படாது. கீழ்ப்பரப்பு, விளிம்பு, உட்பகுதி என்ற மூன்று பிரிவுகள் போதும்.

கேள்வி: வீட்டில் என் மகன் பிளாஸ்டிக் இழை அச்சு இயந்திரத்தில் செய்த சுவர்க் கொக்கி, திருகு செல்லும் துளையருகே உடைந்துவிடுகிறது. உள்நிரப்பை 100 விழுக்காடாக்கினால் அச்சிட இரவு முழுவதும் ஆகிறது. வேறு வழி உண்டா?
— செங்காங் வாசகி

பதில்: முழுக் கொக்கியையும் நிரப்ப வேண்டியதில்லை. அச்சுக்கு முன் மாதிரியை அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருளிலேயே, துளையைச் சுற்றி ஒரு சிறு உருளையை வரைந்து, அதற்குள் மட்டும் வேறு அமைப்பு வரும்படி செய்யலாம். அந்தப் பகுதியில் சுவர்க் கோடுகளை இரண்டிலிருந்து ஐந்து அல்லது ஆறாக உயர்த்தச் சொல்லுங்கள். துளையைச் சுற்றி வளையமாகச் செல்லும் கோடுகள், குறுக்கும் நெடுக்குமான உள்நிரப்பைவிடத் திருகின் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால், உடைந்த துண்டை முதலில் பாருங்கள். உடைவு அடுக்குகளுக்கு இடையே தட்டையாக ஓடியிருந்தால் சுவரைக் கூட்டுவதால் மட்டும் பெரிதாகப் பயன் விளையாது. கொக்கியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சிட வேண்டும்.