டூ பாயிண்டர் பயிற்சி: எதை விலக்குகிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும்

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் இன்ஜினியராக நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மென்பொருள் பணிக்கு மாறும் எண்ணத்தில் கோலாலம்பூர் நிறுவனங்கள் சிலவற்றுக்கு விண்ணப்பித்துள்ளேன். லீட்கோட் என்ற நிரலாக்கப் பயிற்சித் தளத்தில் டூ பாயிண்டர் (எண் வரிசையின் இரு இடங்களைச் சுட்டும் குறிகளை நகர்த்தி விடை தேடும் உத்தி) பிரிவில் மட்டும் 70 கணக்குகள் போட்டுவிட்டேன். விடையைப் படித்தால் புரிகிறது. ஆனால் சென்ற மாத நேர்காணலில் ஒரு புதிய கணக்கைக் கொடுத்தபோது, எந்தப் பாயிண்டரை நகர்த்துவது என்று தெரியாமல் திகைத்துவிட்டேன். அடுத்த நேர்காணலுக்கு ஆறு வாரங்கள் உள்ளன. இன்னும் எத்தனை கணக்குகள் போட வேண்டும்?

பதில்: புதிதாக ஒன்றுகூடப் போட வேண்டியதில்லை. போட்டவற்றுள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றை வேறு விதமாகத் திரும்பப் போடுங்கள். டூ பாயிண்டர் என்று பெயரிட்ட பிரிவுக்குள் நுழைந்து ஒரு கணக்கைத் திறக்கும்போதே, அதைத் தீர்க்கும் வழி இன்னதென்று உங்களுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. எஞ்சுவது கோடு (நிரல்) எழுதும் வேலை மட்டுமே. நேர்காணலிலோ அந்தப் பெயர்ப்பலகை இருக்காது. வழியைக் கண்டுபிடிப்பதும், அந்த வழி ஏன் சரி என்று சொல்வதும்தான் அங்கே சோதிக்கப்படுகின்றன. அந்த இரண்டையும் நீங்கள் 70 முறையும் பயிலாமல் தாண்டி வந்திருக்கிறீர்கள்.

ஒரு சிறு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் ஆறு பொருள்கள் விலை வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன: 2, 4, 5, 8, 12, 15 வெள்ளி (ரிங்கிட்). உங்களிடம் 13 வெள்ளி இருக்கிறது. சில்லறை மிஞ்சாமல் சரியாக இரண்டு பொருள்கள் வாங்க வேண்டும். இடது பாயிண்டர் 2இல், வலது பாயிண்டர் 15இல். கூட்டினால் 17, அதிகம். இப்போது வலதை நகர்த்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால், “தொகையைக் குறைக்க வேண்டும், அதனால்” என்பீர்கள். அது பாதி விடைதான். முழு விடை இது: இருப்பதிலேயே மலிவான 2 வெள்ளிப் பொருளுடன் சேர்த்தே 15 அதிகமாகிவிட்டது என்றால், வேறு எதனுடன் சேர்த்தாலும் அது இன்னும் அதிகமாகத்தான் ஆகும், ஆகவே 15 இடம்பெறும் மற்ற நான்கு இணைகளையும் பார்க்காமலே தள்ளிவிடலாம். அடுத்து 2ம் 12ம் சேர்ந்து 14. அதே காரணத்தால் 12ஐ விலக்குகிறோம். 2ம் 8ம் சேர்ந்து 10. மிச்சமிருப்பவற்றுள் மிக விலையுயர்ந்த 8உடன் சேர்ந்தும் எட்டாத 2 இனி எதனுடன் சேர்ந்தும் எட்டாது, எனவே அது போகிறது. 4ம் 8ம் 12, 4 போகிறது. 5ம் 8ம் 13. மொத்தமுள்ள 15 இணைகளுள் ஐந்தை மட்டுமே பார்த்திருக்கிறோம். இதுவே 100,000 எண்களாக இருந்தால், ஏறத்தாழ ஐந்து பில்லியன் இணைகளுக்குப் பதிலாக 99,999 ஒப்பீடுகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆக, பாயிண்டரை நகர்த்துவது என்பது ஓர் எண்ணை நிரந்தரமாக விலக்குவதாகும். இனி ஒவ்வொரு கணக்கிலும் கோடு எழுதத் தொடங்கும் முன்பு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்த நகர்வினால் எதை விலக்குகிறேன், அதை விலக்கினால் விடை கைநழுவிப் போகாது என்பதற்கு என்ன உறுதி? அந்த வாக்கியத்தை எழுத முடியாவிட்டால், கோடு தற்செயலாகச் சரியாக ஓடினாலும் அந்தக் கணக்கு உங்களுக்கு வரவில்லை என்றே கொள்ளுங்கள்.

லீட்கோட்டின் 11ஆம் கணக்கு, அதாவது இரு சுவர்களுக்கிடையே அதிகபட்ச நீரைத் தேக்கும் கணக்கு, இதற்கு நல்ல உரைகல். இடது சுவர் 3, வலது சுவர் 7, இடைவெளி 8 எனில், நீர் குட்டைச் சுவரின் உயரம் வரையே நிற்கும் என்பதால், பரப்பு 3 × 8 = 24. குட்டைச் சுவரை நகர்த்த வேண்டும் என்பதைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், நேர்காணல் எடுக்கும் இடத்தில் அமர்ந்து நான் “ஏன்?” என்று கேட்டதும் பெரும்பாலும் ஓர் அமைதி நிலவும். 3ஐ அப்படியே வைத்துக்கொண்டு வலதை உள்ளே கொண்டுவந்தால் இடைவெளி 7 அல்லது அதற்கும் குறைவு, உயரமோ 3ஐத் தாண்டாது. எனவே அதிகபட்சம் 21தான். எஞ்சிய சுவர்களுள் எதனுடன் சேர்ந்தாலும் 3 இனி 24ஐ மிஞ்சாது. ஆகவே அதை விலக்கலாம். 7ஐப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது, ஏனெனில் உள்ளே அதற்கு ஏற்ற உயரமான சுவர் ஒன்று இருக்கலாம்.

இரண்டு பாயிண்டர்களும் ஒரே திசையில் செல்லும் கணக்குகளில் கேள்வி சற்று மாறும். புது அரே (எண் வரிசை) எடுக்காமல் இருக்கும் அரேயிலேயே பூச்சியங்களைக் கடைசிக்குத் தள்ளும் 283ஆம் கணக்கில், மெதுவான பாயிண்டருக்கு இடப்பக்கம் இருப்பவை எல்லாம் முடிந்த வேலை என்ற நிபந்தனை லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நிலைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். நினைவகம் சில கிலோபைட்டுகளே உள்ள சிப்புகளில் புது அரே ஒதுக்க இடமிருக்காது என்பதால், சிப்புகளோடு பழகிய உங்களுக்கு இவ்வகை எளிதில் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

எங்கே இந்த உத்தி செல்லாது என்பதற்கும் பயிற்சி வேண்டும்; புதிய கணக்கின் முன் நீங்கள் திகைத்ததற்கு இந்தப் பயிற்சி இல்லாததே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை 3 ஆக வேண்டும். அரே 4, -3, 2 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஸ்லைடிங் விண்டோ முறையில், அதாவது எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, தொகை மிஞ்சினால் இடப்பக்கத்து எண்ணை வெளியேற்றும் முறையில், 4ஐச் சேர்த்ததுமே தொகை மிஞ்சிவிட்டது என்று அதை வெளியேற்றிவிடுவோம். பிறகு -3, -1 என்று போய் விடை இல்லை என்று முடியும். ஆனால் மூன்றையும் கூட்டினால் சரியாக 3 வருகிறது. எதிர்ம எண்கள் இருக்கும்போது, மிஞ்சிய தொகை பின்னால் குறையக்கூடும் என்பதால், விலக்குவதற்கான உறுதி அங்கே இல்லை. அதற்கு முன்கூட்டுத்தொகையும் (தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் இடம் வரையிலான கூட்டுத்தொகை) ஹேஷ் மேப்பும் (ஒரு மதிப்பை உடனே தேடியெடுக்க உதவும் அட்டவணை) தேவை. 560ஆம் கணக்கு இவ்வகையைச் சேர்ந்தது. அதுபோல, வரிசைப்படுத்தாத அரேயில் எண்களின் மூல இண்டெக்ஸை (இட எண்ணை) கேட்டால், வரிசைப்படுத்தி இண்டெக்ஸைத் தொலைப்பதைவிட நேராக ஹேஷ் மேப்புக்குப் போவதே மேல்.

லூப்பின் நிபந்தனையிலும் ஒரு சிறு கண்ணி உண்டு. பைனரி சர்ச் (வரிசையைப் பாதி பாதியாக்கித் தேடும் முறை) எழுதிப் பழகிய கை ‘இடது <= வலது’ என்று எழுதிவிடும். மேலே சொன்ன அதே விலைப்பட்டியலில் 30 வெள்ளிக்கு இரண்டு பொருள்கள் கேட்டுப் பாருங்கள்: இடது பாயிண்டர் நகர்ந்து நகர்ந்து 15இல் வந்து நிற்கும், வலதும் அங்கேதான் நிற்கிறது, 15ம் 15ம் 30 என்று ஒரே பொருளை இருமுறை விற்றுவிடும். இங்கே ‘இடது < வலது’ என்றுதான் இருக்க வேண்டும்.

ஆறு வாரங்களை இப்படிச் செலவிடலாம். வேலை நாள்களில் ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, நாற்பது நிமிடம், முதலில் தாளும் பேனாவும் மட்டும். மூன்று நாள் கழித்து அதையே பழைய கோடைப் பார்க்காமல் போடுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை. மூன்றாம் வாரத்திலிருந்து ஹேஷ் மேப், பைனரி சர்ச் கணக்குகளையும் கலந்து, தலைப்பு தெரியாதபடி வேறொருவரைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். விலக்கும் காரணத்தை முதலில் வீட்டில் யாரிடமாவது தமிழிலேயே விளக்குங்கள். கோடு எழுதத் தெரியாத அம்மாவுக்குக் கடை உதாரணம் விளங்கினால் உங்களுக்கும் விளங்கிவிட்டது என்று பொருள். நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால், கடைசி இரண்டு வாரங்களில் அதே விளக்கத்தை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது அவசியம்.

முதல் வாரத்துக்கு 167 (மேலே கண்ட கடைக் கணக்கின் வகை), 11, 283, 88 (வரிசைப்படுத்திய இரண்டு அரேகளை ஒன்றாக்குவது) ஆகிய நான்கும் போதும். மூன்று எண்களின் கூட்டுத்தொகை பூச்சியமாகும் 15ஆம் கணக்கை மூன்றாம் வாரம் வரை தொட வேண்டாம். அரேயை வரிசைப்படுத்தி ஓர் எண்ணை நிலையாக வைத்துவிட்டால் அது 167ஆம் கணக்காகவே சுருங்கிவிடும். அதில் ஆள்களைத் தடுமாற வைப்பது, ஒரே விடை திரும்பத் திரும்ப வராமல் சம எண்களை எந்த இடத்தில் தாண்டுவது என்பதுதான். அந்த இடத்தை 167ஐக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் நிலைக்கு வந்த பிறகு தேடுங்கள்.