பி.டி. டீச்சர் பதில்கள்: ராத்திரி பத்து மணிக்கு ‘சாப்டியா?’

(அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பி.டி. சார்களையும் செல்போனையும் பற்றியவை.)

என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். அவளுடைய பி.டி. சார் தினமும் ராத்திரி ‘சாப்டியா’, ‘இன்னிக்கு வெயிட் எவ்வளவு’, ‘இன்னும் தூங்கலையா’ என்று வாட்ஸ்அப்பில் தனியாக மெசேஜ் போடுகிறார். கேட்டால், ‘சார் டயட் பார்க்கிறார்ம்மா’ என்கிறாள். நான் சந்தேகப்படுவது தப்பா டீச்சர்?
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

தப்பே இல்லை. ஆனால் எதைச் சந்தேகப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துப் பார்க்கலாம் அம்மா.

கணக்கு வாத்தியார் உங்கள் மகளிடம் எடை எவ்வளவு என்று கேட்டால் அன்றைக்கே பள்ளிக்குப் போய்ச் சண்டை போடலாம். பி.டி. சார் கேட்டால் அப்படி முடியாது. கபடியில் சப்-ஜூனியர், ஜூனியர் பிரிவுகளுக்கு எடை வரம்பு உண்டு. போட்டியன்று காலையில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி அரைக் கிலோ கூடிப்போய் வெளியே உட்கார்ந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு, தூக்கம், முட்டி வலி, மாதவிடாய் தேதி என்று உடம்பைப் பற்றிப் பேசாமல் எங்கள் வேலை நடக்காது. நல்ல பி.டி. சாரும் இதைக் கேட்பார், கெட்டவனும் இதையேதான் கேட்பான். மற்ற ஆசிரியர்களுக்கு இல்லாத இந்தச் சலுகை எங்கள் தொழிலுக்கு இருப்பதால்தான், பெற்றோர் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் என்ன கேட்டார் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எப்போது, எந்த வழியாகக் கேட்டார் என்று பாருங்கள். எடை விவரத்தை அணியின் குரூப்பிலோ உங்கள் நம்பரிலோ சாயங்காலம் ஆறு மணிக்கே கேட்டிருக்கலாமே? போட்டி முடிந்து சீசனே ஓய்ந்த பிறகும் ‘சாப்டியா’ தொடர்கிறதா? மகள் பதில் போடாவிட்டால் ‘என்ன கோபமா?’ என்று வருகிறதா? டிபியில் இருக்கும் போட்டோவைப் பற்றிப் பேச்சு வருகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, ‘படிச்சிட்டு டெலீட் பண்ணிடு’, ‘வீட்ல சொல்லாதே’ என்று ஒரு வரி இருக்கிறதா? அப்படி ஒன்று இருந்தால் மற்றதையெல்லாம் யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். மெசேஜ் தானாக அழிந்துபோகும்படி செட்டிங் மாற்றி வைத்திருந்தாலும் அதே கதைதான்.

இதெல்லாம் இல்லை, வெறும் டயட்தான் என்றால் நாளைக்கே உங்கள் நம்பரிலிருந்து சாருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: ‘வணக்கம் சார். பிள்ளையோட எடை, சாப்பாடு, பிராக்டீஸ் விஷயம் எல்லாம் இனிமே இந்த நம்பருக்கே அனுப்புங்க. நான் பாத்துச் சொல்றேன்.’ யோக்கியமான மனுஷன் ‘சரிங்கம்மா’ என்று போட்டுவிட்டு நிம்மதியாவார், அவருக்கும் இது பாதுகாப்புதான். மறுவாரமே மகள் அணியிலிருந்து தூக்கப்பட்டாலோ, மைதானத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்கப்பட்டாலோ, உங்கள் சந்தேகத்துக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அணியில் யார் இருப்பது, வெளியூர்ப் போட்டிக்கு யார் போவது, யாருடைய சான்றிதழில் கையெழுத்து விழுவது எல்லாம் எங்கள் கையில் இருக்கிறது. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு சீட் வரைக்கும் அந்தச் சான்றிதழ் போகும். பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணமே இதுதான். மகளை ‘ஏன் முன்னாடியே சொல்லல’ என்று திட்டிவிடாதீர்கள்.

பேச்சு ஏற்கெனவே எல்லை தாண்டியிருந்தால் சாரிடம் நேரில் போய்க் கத்துவது, பெற்றோர் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுவது இரண்டும் வேண்டாம். கத்தினால் அவர் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுப்பார். குரூப்பில் போட்டால் ஊர் முழுக்க உங்கள் மகள் பெயர்தான் சுற்றும். வாட்ஸ்அப் சாட்டை அழிக்காமல், நம்பரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 நம் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேராகவும் போகலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 11-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ போன் வழியாகவோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே குற்றம், கை வைத்திருக்க வேண்டும் என்று இல்லை. மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. பதினெட்டு வயது நிறையாத யாருமே அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான். தலைமை ஆசிரியர் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று இழுத்தால், தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பது அவருக்கே தண்டனை தரும் குற்றம் என்பதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

டீச்சர், எனக்கு 25 வயது. தனியார் பள்ளியில் பி.இ.டி.யாகச் சேர்ந்திருக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் ஃபாலோ ரிக்வெஸ்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஏற்காவிட்டால் ‘சார் கெத்து காட்டுறார்’ என்கிறார்கள். இன்னொரு பக்கம், பயிற்சியை ரீல்ஸாகப் போட்டால் அட்மிஷனுக்கு நல்லது என்று நிர்வாகம் சொல்கிறது. என்ன செய்வது?
– ஒரு புது பி.டி. சார், திருப்பூர்

தம்பி, கெத்து காட்டுங்கள். அதில் ஒன்றும் குறைந்துபோக மாட்டீர்கள்.

உங்கள் வயசுதான் இங்கே சிக்கல். பிள்ளைகளுக்கு நீங்கள் அண்ணன் மாதிரி தெரிவீர்கள். ஃபிசிக்ஸ் மேடத்துக்கு ரிக்வெஸ்ட் கொடுக்காத பையன் உங்களுக்குக் கொடுப்பான். ஏற்றுக்கொண்டால் உங்கள் நண்பர்கள் போடும் கமெண்ட், நீங்கள் போன கல்யாணத்து டான்ஸ் எல்லாம் அவர்கள் பார்வைக்குப் போகும். அவர்கள் ராத்திரி போடும் சோக ஸ்டோரியும் உங்கள் பார்வைக்கு வரும். பார்த்தும் சும்மா இருந்தால் ஒரு பழி, ‘என்னாச்சு’ என்று கேட்டால் இன்னொரு பழி. சொந்த அக்கவுண்டைப் பூட்டி வையுங்கள். ஒருவனை மட்டும் சேர்த்து இன்னொருவனை விட்டால்தான் பேச்சு வரும். எல்லாரையும் ஒரே மாதிரி மறுத்துவிட்டு, வகுப்பில் ஒரே தடவை சொல்லிவிடுங்கள்: ‘ஸ்கூல் முடிஞ்சு போன பிறகு ரிக்வெஸ்ட் குடுங்கடா, பாக்கலாம்.’ சிரிப்பார்கள், விஷயம் முடிந்தது.

2024-லிருந்து இன்ஸ்டாகிராம் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனி வகை அக்கவுண்ட் கொண்டுவந்திருக்கிறது. தானாகவே பூட்டப்பட்டிருக்கும், தாங்கள் ஃபாலோ செய்கிறவர்கள்தான் மெசேஜ் போட முடியும் என்றெல்லாம் கட்டுப்பாடு. அதை நம்பி உட்கார வேண்டாம். பிறந்த வருடத்தை மாற்றிக் கொடுத்து அக்கவுண்ட் திறக்காத ஒன்பதாம் வகுப்புப் பையனை எனக்குக் காட்டுங்கள். (போட்டிக்கு வயசுச் சான்றிதழ் கேட்டால் குறைப்பார்கள், இன்ஸ்டாகிராம் கேட்டால் கூட்டுவார்கள்!)

ரீல்ஸ் விஷயத்தில்தான் நிர்வாகத்திடம் நீங்கள் கொஞ்சம் வாயைத் திறக்க வேண்டும். மைதானத்தில் பார்க்கும்போது தப்பாகத் தெரியாத ஒரு ஸ்ட்ரெச்சிங், செல்போன் கேமராவில் பத்து செகண்டாக வெட்டி, பாட்டுப் போட்டு, மெதுவாக ஓடவிட்டால் வேறாகிவிடும். குனிந்து நிற்கும் பெண் பிள்ளை, நீளம் தாண்டி மணலில் விழும் பிள்ளை, வியர்வையில் ஒட்டிய டி-ஷர்ட்... அதன் கீழே யார் யாரோ வந்து கமெண்ட் போடுவார்கள். அந்தக் கமெண்டை முதலில் படிப்பது அந்தப் பிள்ளையின் வகுப்புப் பையன்கள்.

நிர்வாகத்திடம் இப்படிக் கேளுங்கள். வீடியோ பள்ளியின் பக்கத்தில் வரட்டும், என் அக்கவுண்டில் வேண்டாம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கித் தாருங்கள். பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, டேக் எதுவும் வேண்டாம். கமெண்டை மூடிவிடலாம். டிராக் சூட்டோடு கோப்பை வாங்கும் படம் போதும், பயிற்சியைக் காட்ட வேண்டுமானால் தூரத்திலிருந்து மொத்த அணியையும் எடுக்கலாம். அப்புறம் ஒன்று, பிள்ளைகள் எந்த ஊரில், எந்த மைதானத்தில், எந்த விடுதியில் இருக்கிறார்கள் என்பதைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். போன இடத்திலிருந்தே லொகேஷனோடு ஸ்டோரி போடுவது இப்போது பெரிய வியாதியாக இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். பிள்ளைகளை உங்கள் சொந்த போனில் படம் எடுத்திருந்தால், பள்ளியின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு உங்கள் கேலரியிலிருந்து அழித்துவிடுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் போனை வாங்கிப் பார்த்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நான் பிளஸ் ஒன் மாணவி. வாலிபால் அணி. குறுவட்டப் போட்டியில் தோற்றதற்கு எங்கள் பி.டி. மிஸ் அணியின் வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயரைப் போட்டு ‘சர்வீஸ்கூட போடத் தெரியாதவளை எல்லாம் சேர்த்தது என் தப்பு’ என்று எழுதினார். அதற்கு எல்லாரும் சிரிக்கும் ஸ்மைலி போட்டார்கள். விளையாட்டையே விட்டுவிடலாமா?
– மதுரை

விடாதே கண்ணு. சர்வீஸ் பழகிக்கொள்ளலாம்.

மிஸ் செய்தது தப்பு. மைதானத்தில் கத்துவது காற்றோடு போய்விடும், நானும் என் காலத்தில் தொண்டை கிழியக் கத்தியவள்தான். குரூப்பில் எழுதினால் அது அங்கேயே கிடக்கும், நீயும் தினமும் திறந்து பார்ப்பாய். குரூப்பில் பதில் போடாதே. மைதானத்தில் பயிற்சி முடிந்து, நெட்டைக் கழற்றும் நேரத்தில் நேரே போய், ‘மிஸ், என் சர்வீஸைச் சரி பண்ணிக் குடுங்க. ஆனா குரூப்ல அப்படி எழுதினது கஷ்டமா இருந்துச்சு’ என்று சொல். பெரும்பாலான பி.டி. மிஸ்கள் அந்த இடத்தில் இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் வகுப்பாசிரியையிடம் சொல். பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருந்தால் அதில் எழுதிப் போடு.

ஓய்வு பெறப்போகும் உடற்கல்வி இயக்குநர் நான். பழைய மாணவர்கள் ஃபேஸ்புக்கில் நண்பர்களாக இருக்கிறார்கள். அதுவும் தப்பா?
– தஞ்சாவூர்

அட, இல்லை சார்! அவர்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி ஆகியிருக்கும். சந்தோஷமாகப் பேசுங்கள். பிளஸ் டூ முடித்து மூன்று மாதம்கூட ஆகாத, இன்னும் உங்களிடம் சான்றிதழ் வாங்க வந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை மட்டும் கொஞ்ச நாள் காக்க வையுங்கள்.

எங்கள் பள்ளியில் பெண் உடற்கல்வி ஆசிரியை கிடையாது. ஒரே ஒரு பி.டி. சார், நல்லவர். அவர்தான் பெண்கள் கோ-கோ அணியையும் வெளியூருக்கு அழைத்துப் போகிறார். பிள்ளைகளிடம் தனியாகப் பேசக் கூடாது, மெசேஜ் போடக் கூடாது என்றால் அவசரத்துக்கு என்ன செய்வார்? நடைமுறைக்கு ஒத்துவருகிற மாதிரி சொல்லுங்கள்.
– ஒரு தலைமை ஆசிரியை, தர்மபுரி மாவட்டம்

மேடம், ‘நல்லவர்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அது உண்மையாகவே இருக்கும். ஆனால் ஏற்பாடு என்பது ஆளைப் பார்த்துச் செய்வதாக இருக்கக் கூடாது. அவருக்குப் பதில் அடுத்த வருஷம் வேறு ஒருவர் மாற்றலாகி வருவார்.

2021-ல் சென்னைப் பள்ளிகளைப் பற்றி அடுத்தடுத்துப் பாலியல் புகார்கள் வந்த பிறகு, ஆன்லைன் வகுப்புகளுக்கு அரசு நெறிமுறை போட்டது, பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வைக்கச் சொன்னது. உங்கள் பள்ளிக் குழு காகிதத்தில் மட்டும் இருந்தால் முதலில் அதைக் கூட்டி, விளையாட்டு அணிகளின் செல்போன் விஷயத்தை ஒரு தீர்மானமாக எழுதுங்கள். அமெரிக்காவில் விளையாட்டுப் பாதுகாப்புக்கென்றே இருக்கும் அமைப்பு வைத்திருக்கும் விதி ஒன்று நமக்கும் பொருந்தும். பயிற்சியாளர் சிறுவர் சிறுமியருக்குச் செய்தி அனுப்பினால், பெற்றோரோ இன்னொரு பெரியவரோ அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். பிள்ளையே முதலில் தனியாக மெசேஜ் போட்டாலும், பதில் போடும்போது இன்னொரு பெரியவரைச் சேர்த்துத்தான் போட வேண்டும்.

நம் ஊரில் இதைச் செய்வது இன்னும் சுலபம். நிறைய வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருக்கும். அதனால் குரூப்பைப் பெற்றோர் நம்பர்களை வைத்தே தொடங்குங்கள். பெண் பிள்ளைகளின் சொந்த நம்பரைச் சேர்த்தால், குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்துவிடும் என்பதையும் நிறையப் பேர் யோசிப்பதில்லை. நீங்களும், உடன் போகும் ஆசிரியையும், சாரும் அட்மின். பெண் உடற்கல்வி ஆசிரியை இல்லையென்றால் தமிழ் டீச்சரோ அறிவியல் டீச்சரோ ஒருவர் ஆன் டியூட்டியில் கூடப் போகத்தான் வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். மாதவிடாய், தொடைப் பகுதிக் காயம் மாதிரி குரூப்பில் சொல்ல முடியாதவற்றைப் பிள்ளைகள் அந்த டீச்சரிடம் சொல்லட்டும். காயத்தைப் படம் எடுத்து சாருக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அவசரம் என்றால் சார் போன் செய்து பேசட்டும், பேசியதைக் குரூப்பில் ஒரு வரி போட்டுவிடட்டும்.

மெசேஜ் இப்படி இருந்தால் போதும்: ‘நாளை காலை 5.45, பள்ளி வாசல். நீல ஜெர்சி, ஷூ, தண்ணீர் பாட்டில், பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ். மதியச் சாப்பாடு பள்ளிச் செலவு. சாயங்காலம் பஸ் ஏறியதும் தகவல் வரும், பெற்றோர் வந்து அழைத்துக்கொள்ளவும்.’ கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்ததாக அந்த வீட்டிலிருந்து பதில் வந்ததும் குரூப்பைக் கலைத்துவிடுங்கள். அடுத்த போட்டிக்குப் புதுக் குரூப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.