நாலாவது பிள்ளை

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவில் சட்டம் படித்து முடித்திருக்கிறேன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் சட்ட கிளினிக்கில், அதாவது சட்ட மாணவர்களை வைத்தே நிஜ வழக்குகளை நடத்தும் இடத்தில், இரண்டு வருட ஃபெல்லோஷிப் கிடைத்திருக்கிறது. வழக்கும் நடத்த வேண்டும், மாணவர்களையும் மேய்க்க வேண்டும். சம்பளம் பெரிய நிறுவனங்கள் தருவதில் பாதிகூட இல்லை. குரலற்றவர்களின் குரலாக இருக்க ஆசை. ஆனால் இரண்டு வருடம் கழித்துத் தெருவில் நிற்பேனோ என்று பயமாகவும் இருக்கிறது. நீங்களும் இளமையில் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தவர். சேரலாமா?

எம்.

அன்புள்ள எம்,

சேருங்கள். சம்பளக் கணக்கை உங்கள் கல்விக்கடனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே போடுங்கள். என்னோடு இருந்தவர்கள் யாரும் தெருவில் நிற்கவில்லை.

ஆனால் அந்தக் ‘குரலற்றவர்கள்’ என்ற சொல்லை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போங்கள். லூசியானாவில் கான்வென்ட் என்று ஓர் ஊர். 1996இல் ஷின்டெக் நிறுவனம் அங்கே பிவிசி ஆலை கட்டக் கிளம்பியது. ஊர்க்காரர்கள் தாங்களே சங்கம் சேர்ந்தார்கள், டுலேன் பல்கலைக்கழக கிளினிக்கின் உதவியோடு போராடினார்கள். மறுவருடம் மத்திய சுற்றுச்சூழல் முகமை ஆலை காற்றில் கழிவு விடுவதற்கான அனுமதிக்கு ஆட்சேபம் சொன்னது. ஆளுநரே கிளினிக் மீது பாய்ந்தார். 1998இல் மாநில உச்ச நீதிமன்றம், சட்ட மாணவர்கள் யாருக்காக வாதாடலாம் என்ற விதியையே இறுக்கியது. அதே வருடம் ஷின்டெக் கான்வென்ட்டைக் கைவிட்டது. அந்த ஊருக்குக் குரல் நன்றாகவே இருந்தது, வக்கீல்தான் தேவைப்பட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் ஜூனியர் ஒருவர் விலகிப் போனார். அவர் விட்டுப்போன கேஸ் கட்டைப் பிரித்ததிலிருந்து எனக்குப் பழைய ஃபைல் ஒன்று ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

கிளினிக்கில் நான் சேர்ந்த முதல் வாரம், எனக்கு முன்னால் இருந்தவரின் ஃபைல் கைக்கு வந்தது. ஆற்றில் கழிவு விடும் ஆலை. ஆலையே தன் கழிவை அளந்து, கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். அனுமதித்த அளவு ஒரு கட்டத்தில், விட்ட அளவு பக்கத்துக் கட்டத்தில். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் மீறலை ஆலையே எழுதிக்கொடுத்த மாதிரி. மாணவர்கள் மூன்று வருட அறிக்கைகளையும் அலசி, மீறிய எண்கள்மேல் மஞ்சள் மை தடவி வைத்திருந்தார்கள். அருமையான வேலை.

கட்சிக்காரரைப் பற்றி மட்டும் ஒரே வரி: “அந்த அம்மாவிடம் பேசியாயிற்று.”

என்ன பேசியாயிற்று? எப்போது? அவர் அந்த ஆற்றில் மீன் பிடிப்பவரா, கரையில் நடப்பவரா, எந்த வருடம் நிறுத்தினார்? இது ஊர்வம்பு இல்லை ஐயா. தனக்கு என்ன பாதிப்பு என்று கட்சிக்காரர் சத்தியப் பிரமாணத்தில் சொல்லாவிட்டால், வழக்குப் போடவே தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாசுக்குப் பயந்து ஆற்றுப்பக்கம் போவதை விட்டுவிட்டோம் என்று சாதாரண மனிதர்கள் எழுதிக்கொடுத்ததை ஏற்றுத்தான் 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆற்றில் கழிவு விட்ட லெய்ட்லா நிறுவனத்தின் மீதான வழக்கில் அந்தத் தகுதியை ஒப்புக்கொண்டது. எங்கள் ஃபைலிலோ ‘பேசியாயிற்று’!

வேறு வழியில்லாமல் அந்த அம்மாவை ஃபோனில் கூப்பிட்டேன். “நீ நாலாவது பிள்ளை. முதலிலிருந்து சொல்லவா?” என்றார். அப்பாவோடு தூண்டில் போட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, “இதையெல்லாம் எழுதிக்கொள்கிறாயா?” என்றார். நான் எழுதவில்லை. அதன்பிறகுதான் பேனாவைத் தேடினேன்.

மாணவர் ஒரு செமஸ்டர் இருப்பார், நீங்கள் இரண்டு வருடம். வழக்கு அதையும் தாண்டி ஓடும். அந்த அம்மா அதே ஆற்றங்கரையில்தான் இருப்பார். நீங்களோ மாணவர்களை ‘மேய்க்க’ வேண்டும் என்கிறீர்கள். அவர்கள் என்ன ஆடா மாடா? ஃபோனை வைத்த கையோடு குறிப்பு எழுதும் பழக்கத்தை அவர்களுக்கு உண்டாக்குங்கள். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, நாம் கொடுத்த வாக்கு. முதலில் நீங்கள் எழுதிக் காட்டுங்கள்.

அன்றிரவு நான் ஆறு பக்கம் எழுதி ஃபைலின் முதல் தாளாகச் சேர்த்தேன். அதற்கும் மேலே, அட்டையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: “மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும். வலது காது கேட்காது. ஆற்றுக் கதையைத் திரும்பக் கேட்காதீர்கள், உள்ளே இருக்கிறது.”