மங்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கிரீமைப் பூசினால் கன்னத்தில் படர்ந்த கருந்திட்டான மங்கு மறைவதாகவும், நிறுத்தினால் முன்னைவிடக் கருமையாகத் திரும்புவதாகவும் எழுதி, நிரந்தரத் தீர்வு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இதே நிலையில் தவித்தவள் நான். முதலில் அந்த ட்யூபைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள்.

என்னுடையதில் ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெடினாயின் 0.025%, மொமெடசோன் 0.1% என்று இருந்தது. முதலாவது, தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது, இரண்டாவது, மேல்தோல் விரைவாக உதிர்ந்து புதிதாக வளரச் செய்கிறது, மூன்றாவது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் என்று வரையறுத்துக் கொடுத்தால் இது நல்ல மருந்துதான். நானோ பவுடர் பூசுவதுபோல் மாதக்கணக்கில் பூசினேன். கன்னத்தில் சிவப்பு நூலிழைபோல் ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கின. தாடையோரம் பூனைமுடி அடர்ந்தது. வெயிலில் இரண்டு நிமிடம் நின்றாலே முகம் எரிந்தது. பல ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தும், என்னிடம் எந்தக் கடையிலும் யாரும் சீட்டுக் கேட்கவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

மங்கு அழுக்கு அன்று, தேய்த்தால் போகாது. நார் போட்டுத் தேய்ப்பதும் எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போவதும் தோலைப் புண்படுத்திக் கருமையைக் கூட்டவே செய்யும். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவற்றால் எளிதில் தூண்டப்படும் தன்மையை அடைந்துவிட்ட நிறமிச் செல்கள் ஒவ்வொரு நாள் வெயிலுக்கும் மெலனினைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ஆகவே வெளிச்சத்தைத் தடுக்காமல் எந்தக் கிரீமைப் பூசினாலும் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில், புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். என் மருத்துவர் சாதாரண சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக, இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவே. முகத்துக்கும் கழுத்துக்கும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது, என் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடுகளாகப் பிதுக்கிக் காட்டினார். அதுவரை நான் பட்டாணி அளவுதான் பூசிவந்தேன். அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் இது தேவை. கண்ணாடி எல்லாக் கதிர்களையும் தடுப்பதில்லை.

சிகிச்சையாக எனக்கு 20% அசிலாயிக் அமிலப் பூச்சு கொடுத்தார். பலன் தெரிய மூன்று மாதமானது. ட்ரனெக்ஸாமிக் அமில மாத்திரையும் இதற்குத் தரப்படுகிறது. ஆனால் ரத்தம் உறையும் சிக்கல் உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்பதால் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. லேசரால் மங்கு அதிகரித்துத் திரும்புவதும் உண்டு.

எல்லாக் கருமையும் மங்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடரி வெல்வெட் துணிபோல் தடித்துக் கருத்தால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். தலைச்சாயம் போட்டபின் நெற்றியோரம் கருத்தால் சாயத்தின் மீதுதான் சந்தேகம் வர வேண்டும்.

நிரந்தரமாகப் போய்விடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க இயலாது. எனக்கு இப்போது மெல்லிய நிழலாகத்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் சற்றுக் கூடி, மழைக்காலத்தில் தணிகிறது. உங்கள் ட்யூபிலும் ஸ்டீராய்டு இருந்து, அதை நெடுநாள் பூசியிருந்தால் நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், முகம் சிவந்து கொப்பளிக்கக்கூடும். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள், போகும்போது அந்த ட்யூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.