பாட்டியோட பொறந்த வீட்டுப் பேரைப் பிடிங்க - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் கிளாஸ்கோல செட்டில் ஆயிட்டான், மருமக ஸ்காட்லாந்துப் பொண்ணு. பேத்திக்கு ஸ்கூல்ல வம்சாவளி எழுதிட்டு வரச் சொல்லிருக்காங்க. எங்க பக்கம் ஏழு தலைமுறை கடகடன்னு சொல்லிட்டேன், மருமக பக்கம் அவளோட பாட்டிக்கு மேல யாருக்குமே தெரியல. பாளையங்கோட்டைல உக்காந்துக்கிட்டே நான் தேட முடியுமா?
- ஓய்வுபெற்ற தபால்காரர்

பதில்: தாராளமா முடியும் அண்ணாச்சி. ஸ்காட்லாந்துஸ்பீப்பிள்னு அந்த ஊரு அரசாங்கமே நடத்துற வெப்சைட் இருக்கு. பேரப் போட்டுத் தேடறதுக்கு பெரும்பாலும் காசு கிடையாது, ஆனா பழைய ரிஜிஸ்டர் பக்கத்தோட படத்தத் தொறக்கணும்னா கிரெடிட் வாங்கணும், ஒரு படம் ஒன்றரை பவுண்டு கிட்ட ஆகும். அதனால கண்ணுல பட்ட ஜான், ஜேம்ஸ் எல்லாத்தையும் தொறந்துறாதீங்க. நான் அப்பிடித்தான் ஆரம்பத்துல ஒரு வாரம் வேற யாரோ வீட்டு ஜான் பின்னாடி அலைஞ்சு காசக் கரைச்சேன்.

பிறப்புன்னா 100 வருஷம், கல்யாணம் 75, இறப்பு 50 வருஷம், அதுக்குள்ள உள்ள படத்த ஆன்லைன்ல காட்ட மாட்டாங்க. அதனால மொதல்ல மருமக வீட்டு பீரோல இருக்கிற சர்டிபிகேட்டத் தேடச் சொல்லுங்க, அங்கருந்து ஒவ்வொரு படியா பின்னாடி போங்க.

எல்லாரும் பிறப்புப் பதிவத்தான் மொதல்ல தேடுவாங்க. நான் இறப்புப் பதிவுன்னு சொல்லுவேன். ஸ்காட்லாந்துல 1855 ஜனவரி 1ல இருந்து அரசாங்கப் பதிவு கட்டாயம் ஆச்சு. அந்த ஊரு இறப்புப் பதிவுல செத்தவரோட அப்பா பேரும் இருக்கும், அம்மா பேரும் இருக்கும், அதுவும் அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரோட. பக்கத்துல இங்கிலாந்துல அந்தக் காலத்து இறப்புப் பதிவுல இந்த வசதி கிடையாது. 1880ல ஒரு எழுபது வயசுக் கிழவி செத்தாங்கன்னு வைங்க, அந்த ஒத்தப் பக்கத்துல 1810க்கு முன்னாடி பொறந்த ரெண்டு பேரு உங்க கைக்கு வந்துருவாங்க. கல்யாணம் ஆகி அம்பது வருஷம் ஆனாலும் பொம்பளைங்களோட பொறந்த வீட்டுப் பேரு அங்க பதிவுல அழியாது, கல்லறைக் கல்லுலகூட அதத்தான் வெட்டி வச்சிருப்பாங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, அந்தத் தகவலச் சொன்னது யாருன்னு அதே பதிவுல எழுதிருக்கும். மகன் சொல்லிருந்தா நம்பலாம், மருமகன் சொல்லிருந்தா மாமியாரோட அம்மா பேரு அவருக்கு எங்க தெரியப்போகுது.

1855ம் வருஷப் பதிவு கிடைச்சா லாட்டரிதான். அந்த ஒரு வருஷம் மட்டும் குழந்தை பிறப்புல அப்பா அம்மா வயசு, பொறந்த ஊரு, எங்க எப்ப கல்யாணம், இதுக்கு முன்னாடி எத்தன பிள்ளைங்கன்னு எல்லாத்தையும் கேட்டு எழுதிருக்காங்க. எழுதுறவங்களுக்குக் கை ஒடிஞ்சிருக்கும் போல, அடுத்த வருஷமே கொறச்சுட்டாங்க. கல்யாண விவரம் மட்டும் 1861ல திரும்ப வந்துருச்சு.

கேள்வி: அபர்தீன்ல நர்ஸா இருக்கேன். ஹவுஸ் ஓனர் பாட்டிக்கு 1855 வரைக்கும் தேடிக் குடுத்துட்டேன், அதுக்கு மேல சுவத்துல முட்டி நிக்கிறேன். அதோட எல்லா தலைமுறையிலயும் அதே பேருங்க, தலை சுத்துது.

பதில்: அதுக்கு முன்னாடி இருக்கிறது சர்ச் ரிஜிஸ்டர்தான்மா. ரொம்பப் பழசு பெர்த்ஷயர்ல எரோல்ங்கிற ஊரோடது, 1553. ஆனா எல்லா ஊரும் இப்படி இல்ல, சில ஊர்ல 1700க்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், நடுவுல பக்கமே இருக்காது. எழுதணும்னு கட்டாயமும் இல்ல. 1783ல ஒவ்வொரு பதிவுக்கும் மூணு பென்ஸ் வரி போட்டாங்க, ஏழைங்க பாதிப் பேரு எழுதாமலே விட்டிருப்பாங்கன்னு வைங்க, 1794ல தான் அத எடுத்தாங்க. 1843ல சர்ச் ரெண்டா ஒடஞ்சு நிறையப் பேரு ஃப்ரீ சர்ச்சுக்குப் போயிட்டாங்க, அதனால ஒரு ரிஜிஸ்டர்ல இல்லன்னா குடும்பமே இல்லன்னு முடிவு கட்டாதீங்க.

அடக்கப் பதிவு அந்தக் காலத்துல ரொம்பக் கம்மி. பல ஊர்ல சவப்பெட்டி மேல போத்துற துணிய சர்ச்சே வாடகைக்கு விட்டுச்சு, அந்த வாடகைக் கணக்குலதான் ஒருத்தர் செத்த தேதியே தெரியவரும். கல்யாணம் ஆகாம குழந்தை பொறந்திருந்தா சர்ச் மூப்பர்கள் கூப்பிட்டு விசாரிச்ச நோட்டப் பாருங்க, அப்பா யாருன்னு அங்க கிடைக்கும். அந்தப் பொண்ணு நிலைமைய நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கு.

பேரு விஷயம் உங்களுக்கு நல்லதுதான். மொத பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவதுக்கு அம்மாவோட அப்பா பேரு, மூணாவதுக்கு அப்பா பேரு. பொண்ணுங்கன்னா மூத்தவளுக்கு அம்மாவோட அம்மா பேரு. நம்ம ஊர்லயும் தாத்தா பேர வச்சதால தானே பேரன்னு சொல்றோம். சட்டம் இல்ல, வழக்கம்தான், ஆனா பிள்ளைங்கள வரிசையா எழுதிப் பாத்தா தாத்தா பாட்டி பேரு தானா தெரியும். ஷெட்லாந்து தீவுப் பக்கம் போச்சுன்னா மட்டும் கதையே வேற, அங்க பத்தொம்போதாம் நூற்றாண்டு வரைக்கும் சில வீட்ல நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேரத்தான் பின்னாடி போட்டாங்க, தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கிட்டே போகும்.

கேள்வி: நாங்க பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன். கொள்ளுத் தாத்தாவோட தாத்தா ஸ்காட்லாந்துல இருந்து வந்த சிப்பாய்னு வீட்ல பேச்சு. எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: ஸ்காட்லாந்துல ஆரம்பிக்காதீங்க, இங்கயே ஆரம்பிங்க. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் மெட்ராஸ் சர்ச்சுகள்ல இருந்து லண்டனுக்குக் காப்பி போகும். அது இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல என்/2ங்கிற வரிசைல இருக்கு, ஃபைண்ட்மைபாஸ்ட்ங்கிற வெப்சைட்ல ஸ்கேன் பாக்கலாம், அது காசு. ஃபிபிஸ்னு ஒரு சங்கம் வச்சிருக்கிற லிஸ்ட்ல சும்மாவே தேடலாம், அத மொதல்ல பாருங்க. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்ங்கிற சர்ச் 1821ல ஸ்காட்லாந்துக்காரங்களுக்காகத் தொறந்ததுதான், ஆனா சிப்பாய்ங்க பக்கத்துல எந்த சர்ச் இருந்துச்சோ அங்கதான் போயிருப்பாங்க.

அப்பா பேரும் ஊரும் தெரிஞ்ச பிறகு ஸ்காட்லாந்து பக்கம் போங்க. வெளிநாட்ல செத்தவருக்கு அங்க சொத்து இருந்தா உயிலு எடின்பர்க் கோர்ட்டுக்குத்தான் வரும், அதும் ஸ்காட்லாந்துஸ்பீப்பிள்ல இருக்கு. சிப்பாய்க்கு ஏது சொத்துன்னு விட்டுறாதீங்க, ஒரு தடவ தேடிப் பாருங்க.

கேள்வி: என் ஃப்ரெண்டு பேரு மெக்டொனால்டு. அப்ப அவன் அந்தக் குலத் தலைவர் வம்சமா? ஸ்காட்லாந்துல குலத்துக்கு ஒரு கட்டம் போட்ட துணின்னு சொல்றாங்களே, அதுல எது அவனோடது?

பதில்: ஜமீன் ஊர்ல பொறந்தவன் எல்லாம் ஜமீன்தார் பேரனா தம்பி? தலைவர் நிலத்துல குடியிருந்தவங்க பலபேரு அவர் பேரையே வச்சுக்கிட்டாங்க, ரத்த சொந்தம்னு சொல்ல ரிஜிஸ்டர்தான் சாட்சி. குலத்துக்கு ஒரு கட்டம்ங்கிற மோகமே 1822ல நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பர்க் வந்தப்ப சூடு பிடிச்சதுதான். பிடிச்ச கலர்ல எடுத்துக் கட்டச் சொல்லுங்க.