பிள்ளையைக் கட்டி உட்கார வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பள்ளியில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ சொல்லித் தருகிறார்கள். வீட்டிலும் தினமும் 10 நிமிடம் செய்ய வையுங்கள் என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். கண்ணை மூடி உட்காரச் சொன்னால் அரை நிமிடத்தில் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: சிரிக்கத்தான் செய்வான். 6 வயதுக்கு 10 நிமிடம் ரொம்ப அதிகம். பெரியவர்களே ஆரம்பத்தில் அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. சம்மணம் போடுவது, முதுகை நிமிர்த்துவது, கண்ணை மூடுவது எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த நொடியில் நடக்கும் ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் கவனிக்க வேண்டும், கவனம் வேறெங்காவது ஓடிவிட்டால் அலட்டிக்கொள்ளாமல் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் மைண்ட்ஃபுல்னெஸ். அது மூச்சாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

வெண்கலக் கிண்ணம் ஏதாவது வீட்டில் இருந்தால் கரண்டியால் ஒரு தட்டு தட்டி, ‘சத்தம் சுத்தமாக அடங்கியதும் கையைத் தூக்கு’ என்று சொல்லிப் பாருங்கள் (எவர்சில்வர் டம்ளர் சட்டென்று அடங்கிவிடும், வெண்கலம்தான் நன்றாக இழுக்கும்). யார் கடைசிவரை கேட்டது என்று உங்களோடு சண்டை போடுவான், போடட்டும், கேட்டிருக்கிறான் என்று அர்த்தம். ராத்திரி படுக்கும்போது அவன் வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லலாம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டாம், அது பாட்டுக்கு வந்து போகட்டும்.

இன்னொன்று, உலர்திராட்சை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979-ல் நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்காக ஜான் கபாட்-ஜின் 8 வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பயிற்சியில் ஆரம்பத்திலேயே வருவது ஒரே ஒரு உலர்திராட்சையை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாக மென்று தின்பது. நம் வீட்டில் நெல்லிக்காய் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தின்று முடித்துத் தண்ணீர் குடித்ததும் இனிக்குமே, பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

கல் பொறுக்குகிற பிள்ளையாக இருந்தால் வியட்நாம் துறவி திக் நியாட் ஹான் குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த முறை பிடிக்கும். 4 கூழாங்கற்கள். ஒன்று பூ, ஒன்று மலை, ஒன்று சலனமில்லாத தண்ணீர், ஒன்று வெட்டவெளி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ‘நான் மலை, உறுதியாக இருக்கிறேன்’ என்பதுபோல நினைத்து மூன்று மூச்சு, அப்புறம் அடுத்த கல்.

எதுவானாலும் ஒன்றிரண்டு நிமிடம் போதும். முக்கியமாக, நீங்களும் கூடவே செய்யுங்கள். போனைப் பார்த்துக்கொண்டே ‘ம், மூச்சைக் கவனி’ என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? அவன் தம்பியை அடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருக்கும்போது ‘போய் மூலையில் உட்கார்ந்து மூச்சு விடு’ என்று அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரு தடவை தண்டனையாகிவிட்டால் அப்புறம் கிண்ணத்தை எடுத்தாலே ஓடுவான். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் நர்சரி முதல் 8-ஆம் வகுப்பு வரை ‘ஹேப்பினெஸ்’ பாடத்திட்டம் கொண்டுவந்தபோதுகூட, வகுப்பின் தொடக்கத்தில் சில நிமிடம் கவனப் பயிற்சி வைத்தார்களே தவிர அதற்குப் பரீட்சை வைக்கவில்லை. வீட்டில் நீங்களும் வைக்காதீர்கள்.

கேள்வி: மகள் 10-ஆம் வகுப்பு. இதைச் செய்தால் மார்க் கூடுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அப்படி யாராவது சொல்லிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மார்க்கை விடுங்கள், மனநலத்துக்கே பள்ளியில் இது எவ்வளவு உதவுகிறது என்று பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் அதிகமான மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. பள்ளிகள் வழக்கமாக நடத்தும் வாழ்க்கைத்திறன் வகுப்புகளைவிட இது மேலானதாகத் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை என்பதும் அதில் தெரிந்தது. இதனால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விருப்பமில்லாத பதின்ம வயதுப் பிள்ளையின் மேல் திணித்தால் ஒன்றும் நடக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. மகளுக்கு இஷ்டம் இருந்தால் வினாத்தாள் கைக்கு வருமுன் பாதம் தரையில் படுவதைக் கவனித்து, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டுப் பார்க்கட்டும். இஷ்டம் இல்லையா, ராத்திரி ஒழுங்காகத் தூங்க விடுங்கள், அது போதும்.

கேள்வி: வயது 61, ஓய்வுபெற்றவன். கண்ணை மூடினால் போதும், பென்ஷன் பாக்கி, மருமகன் பேச்சு, கரண்ட் பில் எல்லாம் வரிசையாக வருகிறது. எனக்கு இது வராது போலிருக்கிறதே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எல்லோருக்கும் வருவதுதான் சார். மனதைக் காலியாக்குவது இதில் வேலையே இல்லை. ‘அடடா, மருமகனிடம் போய்விட்டேனே’ என்று நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பயிற்சி. உடனே மூக்கு நுனியில் மூச்சு படும் இடத்துக்குத் திரும்புங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை திரும்பலாம், திட்டிக்கொள்ளாமல். நாற்காலியில் உட்காருங்கள், முழங்காலைப் பாடுபடுத்த வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். உட்காரவே பிடிக்கவில்லையென்றால் மொட்டை மாடியில் ஒவ்வொரு அடியையும் கவனித்தபடி மெதுவாக நடங்கள்.

சிலர் நேராக 10 நாள் விபாசனா (பௌத்த மரபில் வந்த தியானம்) முகாமுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் அந்த முகாம்களில் புதியவர்களையும் சேர்ப்பார்கள், கட்டணம் கிடையாது, நன்கொடையில்தான் நடக்கிறது. ஆனால் பேச்சு கிடையாது, போன் கிடையாது, ஒரு நாளில் சுமார் 10 மணி நேரம் தியானம். முதலில் வீட்டில் ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். மகளுக்குக் கற்றுக்கொடுத்தால் நம்பிக்கைக்கு முரணாகுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது முழு உண்மையில்லை. மூச்சைக் கவனிப்பது பௌத்தத்தின் பழைய பயிற்சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது சடங்கையும் சமயத்தையும் விட்டுவிட்டுக் கவனிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிண்ணச் சத்தம் கேட்பதிலோ மெதுவாகச் சாப்பிடுவதிலோ நீங்கள் யாரையும் வணங்கப் போவதில்லை. மந்திரம் சொல்லச் சொல்லும் வகுப்பு வேண்டாமென்றால் அனுப்பாதீர்கள், உங்கள் உரிமை.

கேள்வி: 9 வயதுப் பேத்தி. அப்பாவை விபத்தில் இழந்தவள். கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறது என்று அழுகிறாள். பழகப் பழகச் சரியாகுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: நிறுத்திவிடுங்கள் அம்மா, இன்றே. பெரிய இழப்பைச் சுமக்கும் பிள்ளைக்குக் கண்ணை மூடி உள்ளே பார்க்கச் சொல்வது சில சமயம் பயத்தைக் கூட்டும். கண் திறந்தே இருக்கட்டும். ‘இங்கே பச்சையாக என்னென்ன தெரிகிறது?’ என்று கேளுங்கள், கோலத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஈர மண்ணைப் பிசையவிடுங்கள். அதுவும் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுவதற்குப் பதில் ஆகாது. யாரிடம் போவது என்று தெரியவில்லையென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் இலவச மனநல சேவை, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: இதற்கு எந்த ஆப் வாங்கலாம்?
– வாசகர், சென்னை

பதில்: எதுவும் வேண்டாம். போனில் அலாரம் இருக்கிறதல்லவா, ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள்.